மேடையிற் கொடுத்த சொல்

1899 ஆம் ஆண்டு சனவரி மாதம் 8 ஆம் திகதி கொழும்பில் ஓர் ஆண் மகவு பிறந்தது. அக்காலத்தில் இலங்கையை ஆண்ட தேசாதிபதி சேர் ஜோசப் வெஸ்ற் றிட்ஜ்வே என்பவர். அம்மகவுக்கு ஞானத்தந்தையாக நின்றவரும் அவரே. ஆதலால் அவர் பெயர் குழந்தையின் பெயரினுட் புகுந்து, சொலமன் வெஸ்ற் றிட்ஜ்வே டயஸ் பண்டாரநாயக்கா என நீண்டது. ஆங்கிலத் தேசாதிபதியின் பெயரைச் சுமந்து பிறந்த அக்குழந்தையே, ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்தபின் ஆங்கிலத்தை இந்நாட்டின் அரியணையிலிருந்து இறக்கியவர். இறக்கிய இடத்தில் அவர் ஏற்றியது ஒரு மொழியை மாத்திரம். அதன் விளைவுகளைக் கிழக்குக் கரையோரத்து மக்களாகிய நாம் பிறரினும் முந்தி அறிந்தோம்.

அவர் வரலாற்றை ஒரு தனி மனிதரின் வரலாறாக எழுதி முடித்தல் இயலாது. வாக்குக் கேட்டு மக்கள் வாயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தின் வரலாறு அது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பல நாடுகளில் இத்தகைய குடும்பங்கள் தோன்றின. அமெரிக்க நாட்டிலே, இலண்டனில் தூதுவராயிருந்த ஜோசப் கென்னடி என்னுஞ் செல்வர் தம் மக்களை அரசியலிற் புகுத்தினார். மூத்த மகன் 1944 இல் போரில் மடிந்தான். இளையவராகிய ஜோன் கென்னடி 1946 இல் பொஸ்ரன் நகரப் பகுதியிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார். 1952 இல் அவர் மேற்சபைக்குப் போட்டியிட்டபோது தாயாரும் சகோதரியரும் ஊர் ஊராகத் தேநீர் விருந்து வைத்துப் பெண்களின் வாக்கைத் திரட்டினர். தம்பி றொபேட் பிரசாரத்தை முன்னின்று நடத்தினார். 1960 நவம்பரில் அக்குடும்பம் அமெரிக்காவின் முதற் பதவியை எய்தியது. அதே ஆண்டு யூலையிலே, உலகின் முதற் பெண் பிரதம மந்திரியை இலங்கையின் ஒரு குடும்பம் தந்துவிட்டது. இரு குடும்பங்களும் துப்பாக்கிக் குண்டுக்குத் தலைவரைப் பறிகொடுத்தவை. இங்கு நாம் சொல்லப் புகுந்தது நம் நாட்டுக் குடும்பத்தின் கதை.

தந்தையார் சேர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்கா மகாமுதலியார் பதவி வகித்தவர். தேசாதிபதிக்கு அருகிலிருந்து சுதேசிகளின் செய்திகளை எடுத்துரைக்கும் பதவி அது. கண்டி வீதியில் நிட்டம்புவைக்கு அண்மையிலுள்ள ஹொறகொல்லையில் அவருக்குப் பெரிய வளவு ஒன்றிருந்தது. (பெருங்குடியினரின் மனையைச் சிங்களத்தார் வளவ்வ என்பர். நம் வளவு என்னுஞ் சொல்லை அது நினைப்பூட்டுகின்றது.) குதிரைகளிலும் தோட்டங்களிலும் பிரபுக்களின் விருந்திலும் நாட்டமுடைய அப்பெரியார் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தவர். தாயார் ஒபயசேகரா குடும்பத்தவர். பெற்றோர் பிற்காலத்திற் பிரிந்து வாழ்ந்தனர். இரு தங்கையரோடு வளர்ந்த சிறுவன் வளவின் எல்லைக்குள்ளேயே ஆங்கில ஆசிரியரிடம் பாடங் கேட்டான். வேலிக்கு அப்பால் உழுதுண்டு வாழ்ந்த குடியானவரின் மொழி அவன் காதில் விழுந்ததேயன்றி நாவிற் படியவில்லை.

பின்னர் முகத்துவாரத்தில் அந்நாளில் இருந்த புனித தோமையார் கல்லூரியிலும், அதன்பின் ஒக்ஸ்போர்ட்டில் கிறைஸ்ற் சேர்ச் கல்லூரியிலும் பயின்றார். கிரேக்க இலத்தீன் இலக்கியங்கள் அவர் கற்றவை. ஆங்கிலேய மாணவர் முதலில் அவரைப் பொருட்படுத்தவில்லை. ஒக்ஸ்போர்ட் மாணவர் சங்கத்து விவாத மேடையே அவருக்கு மதிப்பைத் தேடித் தந்தது. அச்சங்கத்திற் பதவிகளும் வகித்தார்; தலைமைப் பதவி மாத்திரம் கைகூடவில்லை. கேட்போரைத் தம் வயப்படுத்தும் நாவன்மை தமக்கு உண்டென்பதை அவர் உணர்ந்தது அங்கேதான். ஆனால் அந்நாவன்மை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. 1925 இல் தாயகம் மீண்டபோது, தம்மை வரவேற்கத் திரண்ட ஹொறகொல்லைக் கிராமத்து மக்களோடு அவர்கள் மொழியிற் சரளமாகப் பேச அவரால் இயலவில்லை. இக்குறையை அவர் மறக்கவில்லை. பிற்காலத்திற் சிங்களத்தில் அவருக்கு நிகரான மேடைப் பேச்சாளர் சிலரே எனும்படி உழைத்து உயர்ந்தார். முதிர்ந்த வயதில் ஒரு மொழியை மேடைக்கேற்பப் பயின்று வெல்லுதல் எத்துணை அரிதென்பதை மொழியாசிரியர் நன்கறிவர்.

திரும்பிய மறு ஆண்டில் அவர் செய்தவற்றுள் ஒன்று நாட்டுக்குப் பெரிதும் உரியது. ஐக்கிய இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே ஏற்றதென ஆங்கிலப் பத்திரிகையொன்றில் தொடர் கட்டுரைகள் எழுதினார். யாழ்ப்பாணஞ் சென்று அப்பொருள் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். தமிழரசுக் கட்சி தோன்றுதற்கு இருபத்து மூன்று ஆண்டுகள் முன்னர், 1926 இல், சமஷ்டியைப் பேசியவர் ஹொறகொல்லை வளவின் வாரிசு என்பது இன்று பலருக்கு வியப்பாயிருக்கும். அதே ஆண்டின் இறுதியில் கொழும்பு மாநகரசபைக்கு மருதானைப் பகுதியிற் போட்டியிட்டு, தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவைத் தோற்கடித்தார். வாக்குக் கேட்டுத் தெருவில் இறங்கிய முதல் அனுபவம் அது.

1931 இல் அரசாங்க சபைக்கு வேயங்கொடைத் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தெரிவானார். 1936 தொடக்கம் உள்ளூராட்சி மந்திரியாயிருந்தார். இதற்கிடையிற் பௌத்த சமயத்தைத் தழுவினார். மேனாட்டு உடையைக் களைந்து வெண்ணிறத் தேசிய உடையை அணிந்தார். சிங்கள மகா சபையை நிறுவினார். சர்வசன வாக்குரிமை வந்த வேளையிலேயே இம்மாற்றங்கள் நேர்ந்தமையைச் சுட்டி, இவை வாக்கு வேட்டையே என்று அவர் பகைவர் ஏசினர். முற்றிலும் அவ்வாறு கூறுதல் முறையன்று என்பது எம் கருத்து. தாம் பிறந்த மண்ணிலேயே அந்நியராக வளர்க்கப்பட்டோமென்ற உறுத்தல் அவரிடம் உண்மையாகவே இருந்தது. அவ்வுறுத்தலும் அரசியல் ஆசையும் ஒரே திசையில் ஓடின என்றலே பொருந்தும். 1944 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையைக் கொணர்ந்தார். கிழக்கைச் சேர்ந்த வி. நல்லையா தமிழையும் சேர்க்க வேண்டுமெனத் திருத்தங் கொடுத்தார். அத்திருத்தத்தை ஆதரித்துப் பேசியவருள் பண்டாரநாயக்காவும் ஒருவர்.

1940 ஒக்டோபரில் அவர் மணம் புரிந்தார். மணமகள் சிறிமா றத்வத்தை, பலாங்கொடைப் பகுதியைச் சேர்ந்த கண்டிப் பிரபுக் குடும்பத்து மூத்த மகள். கரைநாட்டுச் சிங்களப் பெருங்குடியும் மலைநாட்டுப் பெருங்குடியும் இணைந்த திருமணமாதலின் அது நாடெங்கும் பேசப்பட்டது. கொழும்பிற் கத்தோலிக்கக் கன்னியர் மடத்துப் பாடசாலையிற் கற்றவராயினும், சிறிமா பௌத்த ஒழுக்கத்தில் ஊன்றியவர். இலங்கை மகளிர் சங்கத்திற் சேர்ந்து கிராமந்தோறுஞ் சென்று, பெண்களின் உடல்நலம், பயிர்ச்செய்கை, குடும்ப நலம் என்பன பற்றிப் பணி செய்தார். கணவர் மேடையில் மக்களைக் கண்டார். மனைவி அடுக்களை வாயிலிற் கண்டார். சுனேத்திரா, சந்திரிகா, அநுரா என்னும் மூன்று பிள்ளைகள் 1943 க்கும் 1949 க்கும் இடையிற் பிறந்தனர். கொழும்பு றோஸ்மீட் பிளேஸ் வீட்டின் முன்விறாந்தை மனுக்கொடுக்க வருவோரால் நாள்தோறும் நிறைந்திருந்தது. கதவடைக்கும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை. இதனை வாசகர் நினைவிற் கொள்க.

1947 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் அத்தனகல்லைத் தொகுதியை வென்று, டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையிற் சுகாதார, உள்ளூராட்சி மந்திரியானார். தலைவருக்கு அடுத்த இடம் தமதென எண்ணியிருந்தார். ஆனால் அவ்விடம் சேனநாயக்கா குடும்பத்துக்குள்ளேயே கைமாறும் என்பது விரைவிற் புலனாயிற்று. 1951 யூலையில் அரசாங்கத்தை விட்டு வெளியேறி, எதிர்க்கட்சி வரிசையிற் சென்றமர்ந்தார். அம்முடிவுக்கு அவரை ஊக்கியவர் மனைவியே என்பர். அவ்வாண்டு செப்டெம்பர் 2 ஆம் திகதி ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி கொழும்பு நகர மண்டபத்தில் உதயமாயிற்று. 1952 மார்ச்சில் டி. எஸ். சேனநாயக்கா குதிரையிலிருந்து வீழ்ந்து இறந்தார். மகன் டட்லி பிரதம மந்திரியாகித் தேர்தலை நடத்தினார். புதுக் கட்சிக்குக் கிடைத்தவை ஒன்பது ஆசனங்களே. கணவர் நாடெங்குஞ் சுற்றிய அத்தேர்தலில் அத்தனகல்லையிற் சிறிமா அவருக்காக வாக்குக் கேட்டார்.

அடுத்த நான்கு ஆண்டுகளும் பண்டாரநாயக்கா ஊரூராய்த் திரிந்தார். அவர் கண்டுகொண்ட உண்மை ஒன்று. ஆங்கிலம் அறிந்தோர் நாட்டில் நூற்றுக்குப் பத்துப்பேருக்குங் குறைவு. ஆயினும் நீதிமன்றமும் கச்சேரியும் வங்கியும் அவர்கள் வசமே இருந்தன. கிராமத்திலே மதிப்புடையோர் எவர்? விகாரையின் பிக்கு, நாட்டு வைத்தியர், சிங்கள ஆசிரியர், கமக்காரர், தொழிலாளர். இவ்வைவரையும் ஐம்பெருஞ் சக்திகள் எனச் சேர்த்தழைத்தார். பழந்தமிழ் வேந்தரின் ஐம்பெருங்குழுவைக் கற்ற நமக்கு அத்தொடர் புதிதாகத் தோன்றாது. ஆனால் வேந்தர் குழு அரண்மனைக்குள் இருந்தது; இவருடைய குழு அரண்மனைக்கு வெளியே நெடுங்காலங் காத்து நின்றது.

இங்கே பண்டிதராயுள்ளோர் ஒரு கணம் நின்று சிந்தித்தல் தகும். சிங்கள ஆசிரியரின் குறை யாது? ஆங்கில ஆசிரியருக்குக் கிடைத்த சம்பளமும் மதிப்பும் சுயமொழி ஆசிரியருக்கு இல்லை. ஆண்டுக்கணக்கில் இலக்கணமும் இலக்கியமுங் கற்றுத் தேறியவரும் கச்சேரி எழுதுவினைஞர் முன் கைகட்டி நின்றார். தமிழ்ப் பண்டிதரின் குறையும் இதுவே. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவர்கள் பட்ட அவமதிப்பு மாத்தறையிலுங் குருநாகலிலும் சிங்கள பண்டிதர் பட்ட அவமதிப்பேயன்றி வேறன்று. இரு சாராரும் ஒரே வழக்கின் வாதிகள். அவ்வழக்கை எடுத்து நடத்தியவர் ஒரு வாதியை மாத்திரங் கூண்டிலேற்றி, மற்றவரை எதிர்வழக்காளி ஆக்கினார். 1956 இன் பெருந்துயரம் இதுவென்பது எம் துணிபு.

இரு மொழிக்கும் சம உரிமை என்பதே தொடக்கத்திற் சுதந்திரக் கட்சியின் கொள்கை. 1955 திசெம்பரில் அது கைவிடப்பட்டுச் சிங்களம் மட்டும் என்பது கொள்கையாயிற்று. அப்போது பிரதம மந்திரியாயிருந்த சேர் ஜோன் கொத்தலாவலை, 1954 இல் யாழ்ப்பாணத்திற் சம உரிமைக்கு வாக்களித்தவர். அவர் கட்சியும் 1956 பெப்ரவரியிற் களனி மாநாட்டில் அதே பாதைக்குத் திரும்பியது. ஒருவரை ஒருவர் முந்தும் ஓட்டப் போட்டியாக மொழி மாறிற்று. முந்தியவருக்கு மேலும் வேகம் வேண்டியிருந்தது. ஆட்சிக்கு வந்து இருபத்து நான்கு மணி நேரத்திற் சிங்களம் அரசகரும மொழியாகும் என்று மேடைதோறும் முழங்கினர்.

அந்நாளைய தேர்தற் பிரசாரத்தை நூல்களிற் படிக்கும்போது, அது தேர்தலோ திருவிழாவோ என்னும் ஐயம் பிறக்கும். புத்தர் பெருமான் பரிநிர்வாணமெய்திய 2,500 ஆம் ஆண்டு நிறைவு அவ்வாண்டு மே மாதத்தில் வரவிருந்தது. அதற்கு முன்னரே கொத்தலாவலை தேர்தலை வைத்தமை பிக்குமாரைச் சினங்கொள்ளச் செய்தது. அவர்கள் வீடு வீடாகச் சென்றனர். கொத்தலாவலை யானைமீதேறி மாரனின் சேனையை நடத்தி, தியானத்திலிருக்கும் புத்தரை எதிர்த்து வருவதுபோல் வரையப்பட்ட சித்திரம் கிராமங்கள் எங்கும் பரவிற்று. யானை ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னமாதலின் சித்திரத்தின் கருத்து எழுத்தறியாதவருக்கும் எளிதில் விளங்கியது. ஏப்ரில் 5, 7, 10 ஆகிய மூன்று நாள்களில் வாக்களிப்பு நடந்தது. பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணி 51 இடங்களைப் பெற்றது. ஆண்ட கட்சிக்கு எஞ்சியவை எட்டே. புதிய பாராளுமன்றந் தொடங்கியபோது சேலையுஞ் சாரமும் உடுத்த எளிய மக்கள் கட்டடத்தினுள்ளே வெள்ளம்போற் புகுந்தனர். அவர்கள் முன்னோர் எவரும் அவ்வாயிலைக் கடந்தவரல்லர். அம்மகிழ்ச்சியை இழித்துரைத்தல் அறமாகாது.

எங்கள் கடற்கரையில் அத்தேர்தல் வேறு பாடம் புகட்டியது. பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் கல்முனையில் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரும் தமிழரசுக் கட்சியின் வேட்பாளராய் நின்று வென்றனர். முஸ்லிம் தலைவர் இருவர் தமிழ்மொழி உரிமையின் பேரால் வாக்குப் பெற்றமை சிறு செய்தியன்று. மொழியால் ஒன்றாயும் சமயத்தால் வேறாயும் வாழும் இரு குலத்தார் ஒரே பெட்டியில் வாக்கிட்டனர். பின்னர் இருவரும் அரசாங்கப் பக்கஞ் சேர்ந்தனர். அதனை வெறும் கட்சித் தாவல் என்று ஒதுக்குவோர் உளர். வயலுக்கு நீரும் ஊருக்குத் தெருவும் கொழும்பிலிருந்தே வரவேண்டிய ஒரு தொகுதியின் நெருக்கடியையும் அத்தகையோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1956 யூன் 5 ஆம் திகதி மொழி மசோதா சபைக்கு வந்தது. காலிமுகத்திடலில் அமைதியாக அமர்ந்து சத்தியாக்கிரகஞ் செய்த தமிழரசுக் கட்சியினரைக் குண்டர் தாக்கினர். கலவரம் நகரத்தோடு நிற்கவில்லை. அது மூண்டெரிந்த இடம் கல்லோயாப் பள்ளத்தாக்கு. நாம் பட்டிப்பளை ஆறென வழங்கும் ஆற்றை, போரின் பின் வந்த ஆண்டுகளில், மொறிசன் நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனத்தார் இங்கினியாகலையில் அணைகட்டித் தடுத்தனர். அந்நீரை நம்பிப் பிற மாகாணங்களிலிருந்து குடியேற்றவாசிகள் கொணரப்பட்டனர். தமிழர் படையெடுத்து வருகின்றனர் என்ற பொய் வதந்தி அவர்களிடையே பரவ, அங்கு தொழில் செய்த தமிழர் தாக்கப்பட்டனர். பல உயிர்கள் அழிந்தன. சுதந்திர இலங்கையில் இனத்தின் பேரால் நிகழ்ந்த முதற் பெருங் கொலை நம் மாவட்டத்து நீர்க்கரையில் நிகழ்ந்தது. யூன் 15 ஆம் திகதி 56 வாக்குகளுக்கு 29 வாக்குகளாக மசோதா நிறைவேறிற்று.

அவர் ஆட்சியின் நன்மைகளையுங் கூறாதொழிதல் நடுநிலையாகாது. திருகோணமலையும் கட்டுநாயக்காவும் பிரித்தானியப் படையிடமிருந்து 1957 இல் மீட்கப்பட்டன. 1958 சனவரி முதலாந் திகதி பஸ் போக்குவரத்து அரசுடைமையானது. குத்தகைக் கமக்காரருக்கு நிலப் பாதுகாப்புத் தந்த நெற்காணிச் சட்டமும், தொழிலாளருக்கு ஊழியர் சேமலாப நிதியும் அவ்வாண்டிலேயே வந்தன.

மேடையிற் கொடுத்த சொல்லை நிறைவேற்றியபின், அவருடைய பழைய அறிவு விழித்துக்கொண்டது போலும். 1957 யூலை 26 ஆம் திகதி அவருந் தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். ஒருவர் ஆரவாரமான பேச்சாளர். மற்றவர் மெலிந்த குரலில் அளந்து பேசுபவர். இருவரும் சட்டம் பயின்றவர். இருவரும் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர். இருவருக்கும் ஆங்கிலமே உரையாடு மொழி. சிங்களச் சட்டத்துக்கு ஊறின்றி வடக்குக் கிழக்கு மாகாணங்களின் நிருவாகம் தமிழில் நடைபெறும் என்பது ஓர் அம்சம். பிரதேச சபைகள் அமைத்து, கமத்தொழில், காணி, கல்வி முதலிய அதிகாரங்களை அவற்றிற்கு அளித்தல் மற்றையது. வட மாகாணம் ஒரு பிரதேசம். கிழக்கு மாகாணம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிரதேசங்கள்.

கிழக்கைப் பிரித்தமை ஏன் என வாசகர் வினவலாம். கிழக்கின் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் தத்தம் செறிவுக்கேற்பத் தம் அலுவலைத் தாமே பார்க்க அது இடந்தந்திருக்கும். குடியேற்றத்துக்கு ஆட்களைத் தெரியும் அதிகாரமும் பிரதேச சபைக்கே உரியதாயிருந்தது. கல்லோயா நீர் எவர் வயலுக்குப் பாயும், அக்கரையில் எவர் குடியேறுவர் என்னும் வினாக்கள் கொழும்பில் அன்றி இங்கேயே தீர்க்கப்பட்டிருக்கும். கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் அக்கரைப்பற்றுக்கும் அறுகம்பே வரையுள்ள ஊர்களுக்கும் அவ்வொப்பந்தம் எத்துணைப் பொருளுடையது என்பதை அதன் வாசகங்களை ஆறுதலாகப் படித்தோரே அறிவர். யாழ்ப்பாணத்தார் பொருட்டு எழுதப்பட்டதென அதனைக் கருதுவோர் எம்மிடையே இன்றும் உளர். அவர் பிழையாகக் கருதுகின்றனர்.

ஆகஸ்ட் 20 ஆம் திகதி தொடங்கவிருந்த சத்தியாக்கிரகத்தைத் தமிழரசுக் கட்சி கைவிட்டது. ஆனால் தெற்கில் எதிர்ப்பு எழுந்தது. மொழிப் போட்டியில் முன்பு தோற்றவர்கள் இப்போது முந்த எண்ணினர். ஜே. ஆர். ஜயவர்த்தனா ஒக்டோபரிற் கண்டிக்கு நடைபயணந் தொடங்கினார். கம்பஹாப் பாராளுமன்ற உறுப்பினராகிய எஸ். டி. பண்டாரநாயக்கா அதனை இம்புல்கொடையில் மறித்து நிறுத்தினார். எதிர்க்கட்சியைத் தெருவிலே தடுக்கலாம். தம்மை மேடையேற்றிய பிக்குமாரைத் தடுத்தற்கு வழி இல்லை. வாகன இலக்கத் தகட்டிற் சிங்கள ஸ்ரீ எழுத்துப் பற்றிய பூசலும் அவ்வேளையில் மூண்டது. 1958 ஏப்ரில் 9 ஆம் திகதி பிக்குமார் பலர் றோஸ்மீட் பிளேஸ் வீட்டுப் புற்றரையில் வந்து அமர்ந்தனர். ஒப்பந்தத்தைக் கைவிட்டதாக எழுத்திலே தரும்வரை அவர்கள் எழவில்லை. பிரதம மந்திரி எழுதிக் கொடுத்தார்.

திருக்குறளிற் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் வாய்மைக்கு வேறோர் அதிகாரமும் உள. முன்னையது பொருட்பாலிலும் பின்னையது அறத்துப்பாலிலும் அமைந்தமையை மாணவர் பரீட்சைக்காக மனனஞ் செய்வர். பண்டாரநாயக்காவின் வாழ்க்கையைப் படித்தபின் அப்பாகுபாட்டின் கருத்து எமக்கு மேலும் தெளிவாயிற்று. சொல்வன்மை அவரிடம் நிறைந்திருந்தது. ஆனால் கற்று வென்ற மொழியிற் கூட்டத்துக்குக் கொடுத்த சொல் அவரைக் கட்டியது; வளர்ந்த மொழியிற் கையெழுத்திட்டுக் கொடுத்த சொல் கட்டவில்லை. முதற் சொல்லுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான வாக்குகள் நின்றன. இரண்டாவதன் பின்னால் நின்றது அவருடைய அறிவு மாத்திரமே.

அடுத்த மாதமே நாடு எரிந்தது. 1958 மே மாதக் கலவரத்தில் தமிழர் பல இடங்களிற் கொல்லப்பட்டனர். கொழும்பிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணஞ் சென்றோர் பலர். அவசரகாலச் சட்டம் பிரகடனஞ் செய்யப்படுவதற்கு நாட்கள் சில வீணே கழிந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறிற்று. ஒப்பந்தத்தின் உயிர் அதில் இல்லை.

1959 செப்டெம்பர் 25 ஆம் திகதி காலை, வழக்கம்போல் றோஸ்மீட் பிளேஸ் விறாந்தையில் மனுதாரர் கூடியிருந்தனர். அவர்களுள் ஒருவர் தல்துவே சோமராம என்னும் பிக்கு, கண் வைத்தியர். காவியுடை கண்டு பிரதம மந்திரி குனிந்து வணங்கினார். பிக்கு துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். சிறிமா வீட்டினுள்ளிருந்து ஓடி வந்தார். மறுநாள் வைத்தியசாலையில் பண்டாரநாயக்கா உயிர் நீத்தார். உயிர் ஊசலாடிய வேளையிலும், தம்மைச் சுட்டவர்பாற் பழி தீர்க்க வேண்டாமென நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அவரது பெருமையுள் இதனையே தலையாயதாக யாம் வைக்கின்றோம். சதியின் தலைவரெனத் தீர்ப்பளிக்கப்பட்டவர் களனி விகாராதிபதி மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரர். 1956 தேர்தலில் பிக்குமாரைத் திரட்டியவருள் முதல்வர். மரண தண்டனையை நிறுத்தி வைத்தது பண்டாரநாயக்காவின் அரசாங்கம். அவர் இறந்தபின் அது மீண்டும் கொணரப்பட்டது. சோமராம 1962 யூலையில் தூக்கிலிடப்பட்டார். புத்தரக்கித்தரின் தண்டனை ஆயுட் சிறையாகக் குறைந்தது.

இனிச் சொல்வது குடும்பத்தின் பிரசாரம். 1960 மார்ச்சுத் தேர்தலிலே ஐக்கிய தேசியக் கட்சி 50 இடங்களும் சுதந்திரக் கட்சி 46 இடங்களும் பெற்றன. டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் ஒரு மாதத்தில் வீழ்ந்தது. யூலைத் தேர்தலுக்குச் சிறிமாவே கட்சித் தலைமை ஏற்றார். வெண்சேலை உடுத்து ஊர் ஊராகச் சென்றார். அவர் பேசுமுன், இறந்த கணவரின் சொற்பொழிவை ஒலிப்பதிவு நாடாவிலிருந்து ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்வர். இருளில் திரண்டிருந்த கூட்டம் பழகிய குரலைக் கேட்டு அழுதது. அழுகின்ற விதவை என எதிர்க்கட்சியார் ஏளனஞ் செய்தனர். ஏளனஞ் செய்தோர் 30 இடங்களோடு நின்றனர். சுதந்திரக் கட்சி 75 பெற்றது. எத்தொகுதியிலும் போட்டியிடாத அவ்வம்மையார் மூதவை உறுப்பினராக நியமனம் பெற்று, யூலை 21 ஆம் திகதி பிரதம மந்திரியானார். கணவரின் நெருங்கிய உறவினர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா இருபத்தொன்பது வயதில் நிதி மந்திரியானார்.

மேடையில் ஒலித்த அக்குரல் 1956 இன் குரல். 1957 இன் கையெழுத்துக்கு ஒலிநாடா இல்லை. தமிழரசுக் கட்சி சிறிமாவிடம் ஒப்பந்தத்தின் உயிர்ப்பை எதிர்பார்த்தது. 1961 சனவரி முதல் சிங்களமே நிருவாக மொழியென்ற நடைமுறை வந்தது. வடக்கிலுங் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் நடந்தது; ஏப்ரிலிற் படை வந்தது; தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். அதே ஆண்டில் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1965 இல் தோல்வி, 1970 இல் வெற்றி, 1972 இற் குடியரசு, 1977 இல் எட்டு ஆசனங்களாகச் சுருங்கிய பெருந்தோல்வி, 1980 இற் குடியுரிமைப் பறிப்பு என அம்மையாரின் அரசியல் ஏறியும் இறங்கியுஞ் சென்றது. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987 இல். அப்போது ஆட்சியிலிருந்தவர், முப்பது ஆண்டுகளின் முன் கண்டிக்கு நடந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா.

மகள் சந்திரிகாவின் கணவர் விஜய குமாரதுங்க 1988 இற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994 இற் சந்திரிகா சனாதிபதியாகித் தாயாரைப் பிரதம மந்திரியாக்கினார். 1999 திசெம்பரில் கொழும்பு நகர மண்டபத்தருகே தேர்தற் கூட்டத்தில் வெடித்த குண்டால் அவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். ஆயினும் தந்தையார் கைவிட்ட அதிகாரப் பகிர்வை வேறு வடிவில் அரசியலமைப்பு மசோதாவாக்கி, 2000 ஆகஸ்டிற் பாராளுமன்றத்துக்குத் தாமே கொணர்ந்தார். எதிர்க்கட்சி உறுப்பினர் அதன் பிரதிகளைச் சபையினுள்ளேயே எரித்தனர். தம்பி அநுரா அந்நாளில் அக்கட்சியில் இருந்தார். மசோதா வாக்கெடுப்புக்கு விடப்படவேயில்லை.

அந்நாட்களில் நோயுற்றிருந்த தாயார் பதவியைத் துறந்தார். ஒக்டோபர் 10 ஆம் திகதி பொதுத்தேர்தல். எண்பத்து நான்கு வயதான அவர் அத்தனகல்லைக்குச் சென்று தம் வாக்கை அளித்தார். கொழும்புக்குத் திரும்பும் வழியில், கடவத்தையில், மாரடைப்பால் உயிர் பிரிந்தது. ஹொறகொல்லையிற் கணவரின் அருகே அவரை அடக்கஞ் செய்தனர்.